ஆறு மூடி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மூன்று நாளாக விடாத மழை. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவிடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது. கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டு வாசனை எனக்குப் புதிதல்ல. மாடிப்படி முடிகிற இடத்தில் இரண்டு கதவுகள். ஒன்று என்னுடையது, உள்ளே தையல் கடை. மற்றது அவர்களுடையது, உள்ளே தேயிலை. எட்டு வருஷமாக இப்படித்தான். வெறும் கறுப்புத் தேயிலையைப் பெட்டி பெட்டியாக வாங்கி, சலித்து, அதில் ஒரு பழத்தின் தோல் எண்ணெயை ஏற்றி, தகர டின்களில் அடைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் பிறந்த பழம் அது. வாயில் வைக்க முடியாத புளிப்பு, தோலுக்காகவே வளர்க்கிறார்களாம். அந்தத் தேநீரைப் பால் விடாமல் குடிக்க வேண்டும். முதல் வாய்க்கு வெறும் தேநீர்தான் தெரியும். விழுங்கி முடித்தபிறகு, பக்கத்து அறையில் யாரோ பழம் உரித்த மாதிரி மெல்ல ஒன்று வரும். அவ்வளவுதான் இருக்கலாம், அதற்குமேல் போனால் அது தேநீர் இல்லை, சோப்பு என்பார் எதிர்வீட்டு அண்ணன்.

அண்ணனுக்குக் கட்டடத்தில் மூக்குக்காரர் என்று பெயர். அவர்கள் குடிவந்த முதல் வாரமே என் கதவைத் தட்டி, துணிக்கு என்ன கஞ்சி போடுகிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக் கஞ்சியில் இவர் எதற்கு மூக்கை நுழைக்கிறார் என்று எனக்கு எரிச்சல். அவர் பொறுமையாகச் சொன்னார். தேயிலைக்குச் சொந்தப் புத்தி கிடையாது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும், உங்கள் கஞ்சி மாவில் ஏதோ பூ வாசனை கலந்திருக்கிறது, என் இலைக்கு ஆகாது என்றார். மறுநாள் ஒரு டின் தேயிலை கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துப் பார்த்தபிறகு நான் மாவை மாற்றிக்கொண்டேன். என்னை அப்படி யாரும் சுலபமாக மாற்றிவிட முடியாது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அவர்கள் வீட்டில் சட்டம் இன்னும் கடுமை. வெங்காயம் வதக்குவதானால் இலை அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைக்க வேண்டும். தைலம் கூடாது, பவுடர் கூடாது. கீழ்ப்படியில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் மேலே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அப்படிப்பட்டவரை இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து சாய்த்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. கால் திரும்பி வந்தது, கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வலது கை பாதி வந்தது. வாய்தான் வரவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை, வார்த்தையும் மனசில் அப்படியே இருக்கிறது. ஆனால் உதடு குவியவும் மாட்டேன் என்கிறது, விரியவும் மாட்டேன் என்கிறது. அதனால் அவர் பேச்சில் அகரமும் உகரமும் ஒன்றாகிவிட்டன. தண்ணி கேட்டால் துணி வரும்.

அந்த வாசனையை நான் மோந்துகொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். மூக்குக்காரரின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு கப். முகத்தில் ரத்தமே இல்லை.

"குடிச்சுப் பாரு."

"என்னக்கா, வாசனை இவ்வளவு தூக்கலா இருக்கு?"

"குடி முதல்ல."

ஒரு வாய் குடித்தேன். நாக்கு நுனியில் கசப்பு, அண்ணத்தில் காரம், தொண்டைக்குள் இறங்கியபிறகும் மூக்குவழியாகத் திரும்பி ஏறியது. பழம் உரித்த மாதிரி இல்லை, பழத்தோலை வாயில் வைத்துத் திணித்த மாதிரி இருந்தது.

"சோப்பா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. "சோப்புதான்க்கா" என்றேன்.

அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். மழையில் இலை ஈரம் இழுத்திருந்தது. எண்ணெய் ஏற்றுமுன் அதை அகலமான இரும்புத் தட்டில் போட்டு இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். அதுவரை அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. எண்ணெய் விடுவது மட்டும் எப்போதும் அண்ணன் கை. எண்ணெய் பாட்டிலின் மூடிதான் அளவு. பெட்டி இலைக்கு இரண்டு மூடி, சில வருஷம் இரண்டரை. எண்ணெயை ஒரு காகிதத்துண்டில் தொட்டு மோந்து பார்த்து அந்தந்த நேரத்தில் முடிவு செய்வார். எங்கும் எழுதி வைத்ததில்லை. இந்த முறை எண்ணெய்க்காரரும் புதுசு. காலையில் அண்ணன் காகிதத்தை மோந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டியிருக்கிறார்.

"'வாட்டியாச்சுங்க, எண்ணெய் எடுக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'ஆறு விடு'ன்னாரு. விட்டேன்."

"ஆறா? ரெண்டுதானேக்கா எப்பவும்?"

"புது எண்ணெயாச்சே, வீரியம் கம்மி போலன்னு நெனச்சேன்."

"திருப்பிக் கேக்கலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கே பட்டது. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவர் வாயைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் 'என்ன? என்னங்க? என்னண்ணே?' என்று மொய்ப்போம். மூன்றாவது 'என்ன'வில் அவர் இடது கையை வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தையாவது பேச வேண்டும், அவர் வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், கை ஜாடைக்கு எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள், இந்தச் சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டால் வாய் இப்படியே நின்றுவிடும். இதைக் கேட்டு அக்கா தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். இனி அவரிடம் 'என்ன' என்று கேட்பதில்லை. காதில் எது விழுகிறதோ அதைச் செய்துவிடுவது. தண்ணி கேட்டுத் துணி வந்தால் அவரும் பேசாமல் அதில் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"இந்த வாசனைக்கு அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"அதான் பயமா இருக்கு." அவள் குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து ரூம்லதான் உக்காந்திருந்தாரு. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. எண்ணெய் விட்டதும் குப்புன்னு கெளம்புச்சு பாரு, எனக்குக் கண்ணே எரிஞ்சுது. அவரு ஜன்னலையே பாத்துட்டு இருந்தாரு. ஒருவேளை மூக்கும் போயிடுச்சோ?"

கையிலிருந்த கப்பை மெஷின்மேல் வைத்தேன்.

"மூக்கு போயிருந்தா அதோட எல்லாம் முடிஞ்சுது. மூக்கு இருந்து, தன் வாயால வந்த வினைன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் அந்த வாயைத் தொறக்கவே மாட்டாரு. எனக்கு அவரைத் தெரியும். ரெண்டுல எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கவே தைரியம் இல்ல."

போதாததற்குச் சனிக்கிழமை ஹோட்டல்காரர் வருகிறார். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த ஹோட்டலுக்குப் பதினோரு வருஷமாக இவர்கள் தேயிலைதான் போகிறது. இந்த முறை அவர் போனில் ரொம்ப மரியாதையாக, ரொம்ப நிதானமாக, குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேனே என்று சொல்லியிருந்தார். அந்த மரியாதைதான் அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது. கெட்டுப்போனது அவருக்காக எடுத்து வைத்த பெட்டி.

போகும்போது வாசலில் நின்று, அண்ணனிடம் மூச்சு விடாதே என்றாள். விடமாட்டேன் என்றேன்.

அன்று மாலையே என் வெட்டுமேஜை தேயிலைமேஜை ஆயிற்று. வாசனையை ஆற்றிப் பறக்கவிட வேண்டும், அவர்கள் வீட்டில் வைத்து அதைச் செய்ய முடியாது. வாடிக்கையாளர்களின் துணிகளை உள்ளறைக்கு மாற்றினேன். எட்டு அகலத் தட்டுகளில் இலையைப் பரப்பி மின்விசிறியைப் போட்டோம். அது ஒரு பக்கம் வாசனையைக் கிளப்பியது, இன்னொரு பக்கம் மழை ஈரத்தை இலைக்குள் ஊட்டியது. விசிறியை நிறுத்தினால் வாசனை அப்படியே நிற்கும், போட்டால் இலை பதத்துப்போகும். அக்கா போடுவாள், நிறுத்துவாள், மறுபடி போடுவாள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, நாம் எலுமிச்சம்பழத்துக்குள் குடியிருக்கிறோமா என்று கேட்டார். கேட்டவருக்கு அன்று நல்ல பதில் கிடைக்கவில்லை.

புதன்கிழமை முழுக்கப் போட்டுப் போட்டுக் குடித்தோம். ஒரு கப்புக்கு ஒரு கரண்டி இலை, கொதித்த தண்ணீரை இறக்கிக் கொஞ்சம் பொறுத்து ஊற்றி, மூடி வைத்து நாலு நிமிஷம் என்பது அந்த வீட்டுக் கணக்கு. அரைக்கரண்டி போட்டுப் பார்த்தோம். இரண்டே நிமிஷத்தில் வடித்துப் பார்த்தோம். நிறம்தான் வெளுத்தது, சோப்பு அப்படியே இருந்தது. ஒன்பதாவது கப்போடு நான் நிறுத்திக்கொண்டேன். அக்கா பதினொன்றாவதையும் குடித்தாள். தேறியிருக்கிறதா என்று கேட்டேன். நாக்கே மரத்துப்போச்சு, எனக்கு இனிமே தெரியாது என்றாள்.

அன்று மாலை பேச்சுப் பயிற்சி அம்மா வந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை அண்ணன் முன்னால் வைத்து, விசில் அடிப்பது மாதிரி உதட்டைக் குவித்து 'உ' சொல்லுங்கள் என்றார். ஒரு மாதமாக அந்த 'உ'தான் வரமாட்டேன் என்கிறது. அண்ணன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று அந்த அம்மா கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள். அந்த அம்மா கோபப்படவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபிறகு, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். அவர் இறங்கிப்போன பிறகும் அக்கா படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை அக்கா மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனுக்குத் துணையாக என்னை உட்காரச் சொன்னாள். வலது கையால் பொத்தான் போட முடியாததால் அவர் சட்டைகளுக்கெல்லாம் அழுத்துபொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அந்த வேலையையும் எடுத்துக்கொண்டு போனேன். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? அடுக்களையில் பழைய டின்னிலிருந்து, அவர் கையால் போட்ட பழைய இலையில், ஒரு கப் தேநீர் போட்டுக்கொண்டுவந்து அவர் இடது கையில் கொடுத்தேன்.

உதட்டில் வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். சுட்டுவிட்டது. கப்பை என்னிடமே நீட்டி, தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

"ஆ...ற... வி...ட."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேசிவிட்டாரே. "ஆறு விடணுமா? எதைண்ணே, சர்க்கரையையா? ஆறு ஸ்பூன் விட்டா அக்கா என்னைக் கொன்னுடுவாங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். என் கையில் கப் சுட்டது. அந்தச் சூடு உறைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆறு விடு இல்லை. ஆற விடு. சூடு ஆறட்டும், விடு என்கிறார்.

செவ்வாய்க்கிழமையும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வாட்டிய இலை சூடாக இருக்கிறது, எண்ணெயை எடுக்காதே, முதலில் ஆற விடு. அக்கா காதில் ஆறு விடு என்று விழுந்து, கொதிக்கிற இலையில் ஆறு மூடி விட்டிருக்கிறாள்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது கையைத் தூக்கினார். ஐந்து விரல். மடக்கினார். அப்புறம் ஒரு விரல்.

"அன்னிக்கு உங்களுக்கு வாசனை வந்துச்சாண்ணே?"

என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தார். என் சட்டைக் கையை எட்டிப் பிடித்து மூக்கருகே இழுத்து மோந்தார். பிறகு நேராக என் வீட்டுக் கதவைக் காட்டினார். தட்டுகள் அங்கே இருப்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூக்கு எங்கேயும் போகவில்லை. எனக்கு ஒரு மூச்சு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. ஏனென்றால் அடுத்து அவர் செய்தது இதுதான். விஷமம் பண்ணிய பிள்ளையைச் சுண்டுவதுபோலத் தன் உதட்டைத் தானே விரலால் சுண்டிக்கொண்டார், இரண்டு தடவை. பிறகு அக்கா போன வழியைக் காட்டி, வாயில் விரல் வைத்தார். சொல்லாதே.

அக்கா பயந்த இரண்டாவதுதான் நடந்திருந்தது. அவளும் சொல்லாதே என்கிறாள், இவரும் சொல்லாதே என்கிறார், நடுவில் ஓட்டைவாய்க்காரி நான். வீட்டுக்கு வந்து ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடப்பக்கக் கையாகவே தைத்து வைத்தேன். பிரிக்கும்போது விரலில் ஊசி ஏறியது. சொன்னால் அவர் என்னையும் நம்பமாட்டார். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டே இருந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வந்தாள். தட்டில் ஒரு கைப்பிடி அள்ளி மோந்தாள், திரும்பப் போட்டாள். கையில் போன் இருந்தது.

"ஹோட்டல்காரரை வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன். இதை இத்தோட விட்டுடறதுதான் நல்லது. அவர் இருக்கிற இருப்புல ஒருத்தர் வந்து கப்பை வச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சா..."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அண்ணன் ஆறு விடுன்னு சொல்லல. ஆற விடுன்னு சொன்னாரு."

அவள் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. உதடுகளை அசைத்துத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆறு. ஆற. ஆறு. ஆற. பிறகு போனை மேஜையில் வைத்தாள்.

"எலை சூடா இருந்துச்சு" என்றாள். "சூட்டுல எண்ணெய் விடக்கூடாதுன்னு எனக்கே தெரியுமே. இத்தனை வருஷம் பாத்திருக்கேனே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னங்கன்னு கேட்டிருக்கலாமே." பிறகு நிமிர்ந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து தெரியும்."

அப்போது நடையில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. நோய் வந்தபிறகு அவர் தனியாக அந்த நடையைக் கடந்ததே இல்லை, நாலே அடிதான் என்றாலும். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். கதவு தள்ளித் திறந்தது. அவர் வாசலில் நின்று தட்டுகளை ஒன்று ஒன்றாகப் பார்த்தார். உள்ளே வந்து, குனிந்து, இரண்டு தட்டுகளை மோந்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

"க...ல" என்றார்.

மூன்று நாளுக்குப் பிறகு அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை. அக்கா பழைய வழக்கப்படி, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். ஒன்றும் விளங்காமல்தான் எடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. கம்பைத் தரையில் தட்டினார்.

"கே...ள."

"கேட்டுட்டுத்தாங்க இருக்கேன். காதுல விழுது."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "கே...ள" என்றார் மறுபடி, நெற்றி நரம்பு தெரிய.

எனக்குப் புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், அது எனக்குச் சாமானிய வேலை இல்லை. அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னன்னு கேக்கச் சொல்றீங்களா?"

"ஆ...மா."

இத்தனை நாளாக அந்த வீட்டில் தடைசெய்திருந்த வார்த்தை. குளிர்ந்த தண்ணீரில் காலை வைப்பதுபோல அவள் அதைச் சொன்னாள். "என்னங்க?"

"க...ல."

"கல்லா?"

தலை ஆடியது, இல்லை.

"கழுவணுமா? எலையையா கழுவச் சொல்றீங்க?"

அவர் கண்ணில் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. நான் பயந்துபோனேன், கையை வீசிவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்று. திரும்பவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "வெ...றம்... எ...ல. க...ல" என்றார்.

"வெறும் எலையைக் கலக்கணுமா? இதோட?"

"ஆ...மா."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், நின்று வேடிக்கை பார்க்காமல் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்று.

அடுத்த மாதத்துக்கென்று இரண்டு பெட்டி வெறும் இலை வைத்திருந்தார்கள். கணக்குப்படி இரண்டையும் கொட்ட வேண்டும். அண்ணன் ஒன்றரையிலேயே நிறுத்தினார், சூட்டில் பாதி வாசனை பறந்துவிட்டது அல்லவா. பறந்த பாதியைத்தான் கட்டடமே நாலு நாளாக மோந்துகொண்டிருக்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நாங்கள் பிடி பிடியாக எடுத்து அவர் மூக்குக்குக் கொண்டுபோனோம். புது இலையை முதலில் லேசாக வாட்டினாள் அக்கா. வாட்டியதும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து, தெரியும், இந்தத் தடவை ஆற விடறேன் என்றாள். அவர் இடது பக்க உதடு கொஞ்சம் ஏறியது. அன்று அவள் எத்தனை 'என்னங்க' கேட்டாளோ, எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நாலைந்து தடவை அவருக்குப் பொறுமை போயிற்று. ஒரு தடவை அவளுக்கும் போயிற்று. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எல்லாவற்றையும் டின்களில் அடைத்து மூடியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் நின்றபடியே தின்றோம்.

சேர்ந்து ஊற ஒரு நாள்கூட இல்லை, எப்படி வருமோ தெரியாது. அக்கா அன்று அதைப் போட்டுப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு ஹோட்டல்காரர் வந்தார், துணியில் சுற்றிய சொந்தக் கப்போடு. அடுத்தவர் கப்பில் ருசி பார்க்கமாட்டார். என்னையும் கூட இருக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. அண்ணன் நான் அழுத்துபொத்தான் வைத்துக் கொடுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அக்காவிடம் கேட்டார். சாப்பிடுகிறாரா என்பதையும் அக்காவிடம் கேட்டார். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

அக்கா வெந்நீரில் பாத்திரத்தைக் கழுவிச் சூடேற்றி, இலை போட்டு, தண்ணீரை இறக்கிப் பொறுத்து ஊற்றி, மூடினாள். நாலு நிமிஷம். வடித்தபோது பாத்திரத்தின் மூக்கு கப்பில் இடித்தது. நிறம் சரியாக இருந்தது, செம்பு நிறம். வாசனை என் வரைக்கும் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஹோட்டல்காரர் ஆவி பறக்கும் கப்பை எடுத்தார்.

"ஆ...ற... வி...ட" என்றார் அண்ணன்.

ஹோட்டல்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு நிமிஷம் விடணுமா? நான் நாலுதானே எப்பவும்?"

அக்காவின் வாய் திறந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"எங்கிட்ட கேக்காதீங்க. அவரையே கேளுங்க."

ஹோட்டல்காரருக்குக் காது சிவந்துவிட்டது. நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பினார். "மன்னிச்சுக்கங்க. என்ன சொன்னீங்க?"

அண்ணன் கப்பைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார். இந்த முறை ஹோட்டல்காரருக்குப் புரிந்தது. கப்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒரு வாய் எடுத்தார், நாக்கில் சுழற்றினார், விழுங்கினார். இன்னொரு வாய். என் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன.

"எடுத்துக்கறேன்" என்றார். அக்கா சுவரில் சாய்ந்தாள். "ஆனா கடைசியா தோல் கசப்பு ஒண்ணு மெல்லிசா வந்து நிக்குது. முன்னெல்லாம் இது இருக்காது. கெட்டுப்போன கசப்பு இல்ல, எனக்குப் பிடிக்கத்தான் செய்யுது. இந்தத் தடவை எண்ணெய் எவ்வளவு விட்டீங்க?"

அக்கா வெளுத்துப்போனாள். ஹோட்டல்காரர் இப்போது அவளைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி முன்னால் செய்ய மாட்டேன் என்று கவிழ்த்து வைத்தாரே, அதைச் செய்தார். உதட்டைக் குவித்தார். இடது பக்கம் முதலில் போனது. வலது பக்கம் வரமாட்டேன் என்று நின்று, இழுபட்டு, மெதுவாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.

"ஆ...று... மூ...டி."

ஆறு. ஆற இல்லை. 'று' வட்டமாக, முழுசாக வந்து விழுந்தது.

அக்கா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் விலக்கிப் பார்க்கவில்லை, என் கண்ணே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஹோட்டல்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்து, "என்ன?" என்றார்.

அண்ணன் மறுபடி சொன்னார்.